எட்டு ஊருக்குக் கேட்க வேண்டாம்!

கூடத்துச் சுவரில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே அந்த வைஃபைப் பெட்டி, அதைப் பற்றி உங்கள் வீட்டிலும் ஒரு புகார் இருக்கத்தான் இருக்கும். கூடத்தில் ஜோராக வேலை செய்கிறது. சமையலறைக்குள் நுழைந்தால் திணறுகிறது. மொட்டை மாடிக்குப் போனாலோ அடியோடு கைவிட்டுவிடுகிறது. "வாங்குகிற பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சக்தியைக் கூட்டித்தான் கொடுத்தால் என்னவாம்?" என்று நீங்களும் என்றைக்காவது அலுத்துக்கொண்டிருப்பீர்கள்.

அதே ஜாதிப் பெட்டியின் அலையை 382 கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பிப் பேசியிருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? சென்னையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுத் திருச்சியையும் தாண்டிப் போய் நின்று கேட்பதற்குச் சமானம் அது. நடுவில் கம்பி கிடையாது, அஞ்சல் நிலையம் கிடையாது, செயற்கைக்கோளும் கிடையாது.

இது நடந்தது 2007-ல், தென் அமெரிக்காவில் இருக்கும் வெனிசுவேலா நாட்டில். எர்மானோ பியெட்ரோசெமோலி என்ற பேராசிரியரும் அவருடைய நண்பர்களும் ஆண்டீஸ் மலைத் தொடரில் எல் ஆகிலா என்ற சிகரத்தின் மேல் ஒரு முனையை வைத்தார்கள். அது 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். நம் கொடைக்கானலைப் போல் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு முனை பிளாத்தியோன் என்ற மலையில். அதற்கு முந்திய ஆண்டு, 2006-லேயே, அதே எல் ஆகிலாவிலிருந்து 279 கிலோமீட்டர் தூரத்தை எட்டிப் பார்த்திருந்தார்கள். அப்போது அவர்கள் கையிலிருந்தவை கடையில் விற்கிற வீட்டு உபயோகப் பெட்டிகள், பழைய செயற்கைக்கோள் டெலிவிஷன் தட்டுகள், அவ்வளவுதான்.

இந்த வகைப் பெட்டிகளின் சக்தி எவ்வளவு தெரியுமா? பத்தில் ஒரு வாட்டுக்கு அக்கம்பக்கம். சுவாமி படத்துக்கு முன்னால் போடுகிறோமே சின்ன சிவப்பு பல்பு, அது குடிக்கிற மின்சாரம்கூட இதைவிட அதிகம்.

இங்கேதான் விஷயம் ருசிக்க ஆரம்பிக்கிறது. சக்தியை மட்டும் கூட்டி இந்தத் தூரத்தை எட்ட முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிரமப்படாதீர்கள், பெருக்கல் தெரிந்தால் போதும். அலை பரவப் பரவ மெலிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் சக்தி நாலில் ஒன்று. பத்து மடங்கானால் நூறில் ஒன்று. திறந்த வெளியில் 100 மீட்டர் எட்டுகிற பெட்டி என்றால், 382 கிலோமீட்டர் என்பது அதைப் போல் 3,820 மடங்கு. ஆகவே சக்தியை 3,820 தடவை 3,820 மடங்கு கூட்டவேண்டும். விடை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மடங்கு! பத்தில் ஒரு வாட்டை அத்தனை மடங்கு ஆக்கினால் 14 லட்சம் வாட்டுக்கு மேல் போய்விடும். வைஃபைக்குப் பக்கத்தில் ஒரு மின்சார நிலையமே கட்டவேண்டியதுதான்.

பேராசிரியர் மின்சார நிலையம் கட்டவில்லை. தட்டு வைத்தார்.

அகல் விளக்கை முற்றத்தில் ஏற்றிவைத்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் போகிறது. கிணற்றடிக்குப் போவதற்குள் மங்கிவிடுகிறது. அதே அளவு வெளிச்சத்தை ஒரு டார்ச் விளக்கின் குழிந்த கண்ணாடிக்குள் வைத்தால் தோப்புக்கோடியில் இருக்கும் நரியின் கண் பளிச்சிடுகிறது. வெளிச்சம் கூடிவிடவில்லை, வேண்டாத பக்கம் போய்க்கொண்டிருந்ததையெல்லாம் வேண்டிய பக்கம் திருப்பிவிட்டோம். தாத்தா காலத்தில் ஏரியல் என்று சொல்லி, இப்போது ஆண்டெனா என்று அழைக்கிறோமே, அதில் இந்தத் தட்டு வகை செய்கிற காரியமும் இதுவேதான். இரண்டு மீட்டருக்கு மேல் அகலமுள்ள நல்ல தட்டு ஒன்று வைஃபை அலையை அது நோக்குகிற திசையில் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கிக் கொடுத்துவிடும்.

இதோடு நின்றால்கூடப் பெரிய காரியம்தான். ஆனால் தட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. கூட்டத்தில் எட்டி நிற்பவரைக் கூப்பிடக் கையை வாயருகே குவிக்கிறோம். அவர் சொல்வதைக் கேட்கக் கையைக் காதருகே குவிக்கிறோம். ஒரே கைதான். தட்டும் அப்படியே, வாய்க்கும் உதவும், காதுக்கும் உதவும். இந்த முனையில் ஓர் ஆயிரம், அந்த முனையில் ஓர் ஆயிரம், ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். ஒன்றரைக் கோடி மடங்கில் அத்தனை மடங்கு, ஒரு வாட்கூடச் செலவில்லாமல் கைக்கு வந்துவிட்டது. மிச்சத்தை மலையின் உயரமும், மெல்லப் பேசினாலும் போதும் என்ற பொறுமையும் கொடுத்தன.

சக்தியைக் கூட்டுவதில் இந்த லாபம் கிடையாது. 'பூஸ்டர்' என்று ஒன்று கடையில் விற்கிறார்கள். ஒரு முனையில் அதை மாட்டினால் அந்த முனையின் குரல் பெரிதாகும். எதிர்முனையின் குரல் முன்போலத்தான் ஈனசுரத்தில் வரும். நீங்கள் கத்துகிறீர்கள் என்பதற்காக, மறுகரையில் இருக்கும் கிழவருக்குத் தொண்டை பலப்பட்டுவிடுமா? வைஃபையிலோ அனுப்பின ஒவ்வொரு துண்டுக்கும் 'வந்து சேர்ந்தது' என்று பதில் வரவேண்டும். பதில் கேட்கவில்லை என்றால் அனுப்பினதும் வீண்.

சரி, இனிச் சட்டத்துக்கு வருவோம். வானொலி அலை பொதுச் சொத்து. லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம் என்று சர்க்கார்கள் ஒதுக்கிவிட்டிருக்கும் அலைவரிசைகளில் வைஃபையின் அலைவரிசையும் ஒன்று. இலவசச் சத்திரம் மாதிரி. சத்திரத்தில் ஒருவரே மூன்று பாயை விரித்துப் படுத்துவிடக் கூடாதே என்று ஒரு விதி இருக்குமல்லவா? அந்த விதிதான் சக்தி வரம்பு.

அந்த வரம்பை எங்கே நின்று அளப்பது என்பதில்தான் சூட்சுமம். பெட்டியிலிருந்து எத்தனை வாட் வெளியே வருகிறது என்று அளப்பது ஒரு வழி. இதைப் பெட்டிக் கணக்கு என்று சொல்லிக்கொள்வோம். தட்டின் எதிரே நிற்பவன் கண்ணுக்கு அது எத்தனை வாட் மாதிரி இருக்கிறது என்று அளப்பது இன்னொரு வழி. இது திசைக் கணக்கு. வெனிசுவேலா மாதிரியான இணைப்பில் பெட்டிக் கணக்கு பத்தில் ஒரு வாட். ஆனால் தட்டு அதை ஆயிரம் மடங்காக்கி ஒரே பக்கம் தள்ளுகிறபடியால், எதிர்முனையில் இருப்பவனுக்கு 100 வாட் விளக்கொன்று எல்லாத் திசையிலும் எரிவது போலவே தோன்றும். திசைக் கணக்கு 100 வாட். இரண்டும் உண்மைதான்! ஆகவே "என் இணைப்பு அரை வாட்" என்று யாராவது பெருமை பேசினால், எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டுப் பிறகு ஆச்சரியப்படுங்கள்.

நாட்டுக்கு நாடு இந்த வரம்பு மாறுவதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வீட்டுப் பெட்டிகள் அதிகமாகப் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பெட்டிக் கணக்கு 1 வாட், ஏரியல் நாலு மடங்கு பெருக்கலாம். ஆகத் திசைக் கணக்கில் 4 வாட். ஆனால் ஒரு கூரையிலிருந்து குறிப்பிட்ட இன்னொரு கூரைக்கு மட்டும் பேசுகிற நிலையான இணைப்பு என்றால் ஒரு சலுகை உண்டு. அதற்கு மேல் ஏரியலின் பெருக்கம் ஒவ்வொரு தடவை இரட்டிக்கும்போதும், பெட்டியின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டால் போதும். ஆயிரம் மடங்குத் தட்டு வைத்தால் பெட்டியை 0.16 வாட்டுக்கு இறக்கவேண்டும். திசைக் கணக்கிலோ 158 வாட் வரை போகலாம். 5.8 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் இன்னும் தாராளம். பெட்டியை இறக்கவே வேண்டியதில்லை. தட்டு எவ்வளவு பெரிதானாலும் சரி.

ஐரோப்பாவில் அதே 2.4-ல் திசைக் கணக்கே பத்தில் ஒரு வாட்தான். சலுகை கிலுகை ஒன்றும் கிடையாது. ஆயிரம் மடங்குத் தட்டை மாட்டினால் பெட்டியை ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு அடக்கவேண்டும். நம் நாடு நடுவில் நின்றது. 2005-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகள் 2.4-க்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விட்டன. பெட்டிக் கணக்கில் 1 வாட், திசைக் கணக்கில் 4 வாட், ஏரியல் கட்டடத்தின் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்று வகுத்தன. ஆக, ஒரே பெட்டி, ஒரே தட்டு, ஆனால் சிகாகோவில் 158, அந்த விதிகளின்படி சென்னையில் 4, பெர்லினில் 0.1!

என்னைக் கேட்டால், இதில் அமெரிக்கக்காரன் யோசனைதான் புத்திசாலித்தனமானது என்பேன். குறிபார்த்துப் பேசுகிறவனுக்குப் பரிசு கொடுக்கிறது அது. டார்ச் விளக்கின் ஒளிக்கற்றை எவ்வளவுக்கெவ்வளவு ஒடுங்குகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அது அண்டை வீட்டு ஜன்னலில் அடிப்பதும் குறைகிறது. ஆனால் பெர்லின்காரர் பாவம், அடியோடு கைகட்டி நிற்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். வரம்பு வாய்க்குத்தானே, காதுக்கு இல்லையே? பெட்டியை எவ்வளவு அடக்கினாலும், தட்டு கேட்கும்போது அதன் ஆயிரம் மடங்கும் அப்படியே முழுதாகக் கிடைக்கும்.

நாலு வாட் போதுமா என்ற கேள்விக்குப் பதில் வெகு தூரத்தில் இல்லை, நம் தேனியில் இருக்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை தேனியில் உண்டு. சுற்று வட்டாரத்துச் சிற்றூர்களில் கண்ணில் புரை விழுந்த பாட்டி ஒருத்தி டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றால், பஸ் செலவு, கூட வருகிற மகனுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம், போய்ப் பார்த்தால் "இன்னும் முற்றவில்லை, அப்புறம் வாருங்கள்" என்ற பதில். இதற்காக ஊருக்குள்ளேயே பார்வை மையம் என்று சிறு அறைகளைத் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதிப்பார்கள். தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் முகம் பார்த்துப் பாட்டியிடம் பேசுவார். அதற்கு வேகமான இணைப்பு வேண்டும். தொலைபேசிக் கம்பி அந்த வேகத்தைத் தரவில்லை. அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு இதைக் கையில் எடுத்துக்கொண்டது. வைஃபைப் பெட்டியையே கோபுரத்தில் ஏற்றி, கூரிய ஏரியலை மாட்டி, 2006-ல் ஐந்து பார்வை மையங்களைத் தேனியோடு இணைத்துக் காட்டினார்கள்.

இவ்வளவு தூரத்துக்குக் கணக்குப் பார்த்தால் சக்தி ஒரு பிரச்னையே இல்லை. 15 கிலோமீட்டர் என்றாலும், நடுவில் மறைப்பு இல்லாமலிருந்து இரு முனையிலும் நல்ல ஏரியல் நின்றால், திசைக் கணக்கில் 4 வாட் தாராளம். தொல்லை வந்ததெல்லாம் வேறு பக்கம்.

முதல் தொல்லை, அவசரம். சாதாரண வைஃபைப் பெட்டி ஒரு வீட்டுக்குள் பேசுவதற்காகப் பிறந்தது. ஒரு துண்டை அனுப்பிவிட்டு, கண் இமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூடப் பதிலுக்குக் காத்திருக்காது. தூரம் கூடினால் அலை போய்வரவே நேரம் ஆகிறது. 382 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு வினாடியில் நானூறில் ஒரு பங்கு. பெட்டியோ, பதில் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, "தொலைந்துபோயிற்று போலிருக்கிறது" என்று அதே துண்டைத் திரும்பவும் அனுப்பும். திரும்பவும் அனுப்பும். மருமகன் துபாய் போய்ச் சேர்ந்தானா என்று விமானம் ஏறின நிமிஷத்திலிருந்து போன் போடும் மாமியார் மாதிரி! பெர்க்லி குழுவினர் பெட்டியின் மூளையை மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் கேளாதே, மொத்தமாகக் கேள். நீ பேசும்போது அவன் கேட்கட்டும், அவன் பேசும்போது நீ கேள், முறை வைத்துக்கொள் என்று கற்றுக் கொடுத்தார்கள். இதே மாற்றத்தைத்தான் வெனிசுவேலா மலையிலும் செய்து பார்த்தார்கள். ஒரு வினாடிக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 3 மெகாபிட் வேகம் கிடைத்தது. சக்தியில் ஓர் இம்மியும் கூட்டாமல்!

இரண்டாவது தொல்லை, மறைப்பு. எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நெசவுத் தறியின் நாடா எப்படி இரு நுனியும் சிறுத்து நடுவில் பருத்திருக்கிறதோ, அந்த வடிவமுள்ள இடம் முழுவதும் அதற்கு வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்புக்கு நட்டநடுவில் அந்த நாடாவின் பாதிப் பருமனே 17 மீட்டருக்கு மேல். அதில் பாதிக்கு மேலாவது காலியாக இருக்கவேண்டும். கீழே தென்னந்தோப்பு நின்றால் போயிற்று. இலையில் இருக்கும் ஈரம் இந்த அலையை உறிஞ்சிவிடும். கோடையில் பேசின இணைப்பு மழைக்குப் பின் தழைத்ததும் திணறுவது இதனால்தான். தூரம் மிகவும் கூடினால் பூமியே குறுக்கே வந்து நிற்கும். 382 கிலோமீட்டருக்கு நடுவில் பூமி 2 கிலோமீட்டருக்கு மேல் உப்பிக்கொண்டு நிற்கிறது. பேராசிரியர் ஏன் மலை ஏறினார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மூன்றாவது தொல்லை நமக்குப் பழகினதுதான். காற்றில் போன அலையைவிட, சுவர்த் துளையில் வந்த மின்சாரம் தேனியில் அதிகமாகப் படுத்திற்று. திடீர் திடீரென்று ஏறி இறங்கின மின்னழுத்தம் சாதனங்களைப் பழுதாக்கியது. குழு பின்னால் எழுதின ஆராய்ச்சிக் கட்டுரையில் இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள்.

"இதெல்லாம் சரி ஐயா, வரம்பை மீறிக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால்தான் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். ஆடி மாதத்தில் ஒரே தெருவில் இரண்டு அம்மன் கோவில் இருக்கிற ஊரில் குடியிருந்திருக்கிறீர்களா? கிழக்குக் கோவில் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டும். மேற்குக் கோவிலில் பாட்டுக் கேட்கவில்லை என்று அவர்களும் கூட்டுவார்கள். கிழக்கில் இன்னொரு குழாய் கட்டுவார்கள். பத்து மணிக்கெல்லாம் இரண்டு பாட்டும் யாருக்கும் விளங்காது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கும். லைசென்ஸ் இல்லாத அலைவரிசையில் நடப்பதும் அச்சாக இதுதான். பஞ்சு வைத்துக்கொள்ளும் வசதிதான் கிடையாது.

அதைவிட மோசமாகவும் போகலாம். 1985 ஆகஸ்ட் 2-ந் தேதி அமெரிக்காவில் டல்லாஸ் விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்த டெல்டா 191 என்ற விமானம் தரையில் மோதி 137 பேர் மாண்டார்கள். இடி மேகம் ஒன்றிலிருந்து காற்று அருவி போல் செங்குத்தாகக் கொட்டி, விமானத்தைக் கீழே அழுத்திவிட்டது. கண்ணுக்குத் தெரியாத எமன். இப்படிப்பட்ட காற்றை முன்கூட்டியே காட்டுவதற்காகப் பிறகு அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களுக்கருகே விசேஷ ரேடார்களை நிறுவினார்கள். அவற்றில் ஒன்று கரீபியன் கடலில், போர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் நகரத்துக்கு. மழைத் துளியிலும் காற்றிலுள்ள தூசியிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு வேலை செய்கிற கருவி அது. அதன் காது எவ்வளவு கூர்மையாக இருக்கவேண்டும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ரேடார்கள் 5.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுகின்றன. வைஃபைச் சாதனங்களுக்குத் திறந்துவிட்ட 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஒரு பகுதியும் அதே இடம். ஒரு நிபந்தனையோடுதான் திறந்துவிட்டிருந்தார்கள். முதலில் காது கொடுத்துக் கேள். ரேடாரின் குரல் விழுந்தால் உடனே வேறு அலைவரிசைக்கு ஒதுங்கிக்கொள். நல்ல ஏற்பாடுதான், எல்லோரும் அப்படியே நடந்தால்.

2009-ல் சான் ஹுவான் ரேடாரின் திரையில், நடுவிலிருந்து விளிம்புவரை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல் கோடுகள் விழ ஆரம்பித்தன. கோடு விழுந்த திசையில் மேகம் இருக்கிறதா, கொலைகாரக் காற்று இருக்கிறதா என்று ரேடாருக்குத் தெரியாது. அந்தத் திசையில் அது குருடு. அமெரிக்க சர்க்காரின் விமானத் துறைக்காரர்களும் வானொலித் துறைக்காரர்களும் சேர்ந்து கோடு காட்டின திசையிலேயே தேடிக்கொண்டு போனார்கள். கூரை மேலும் கோபுரத்தின் மேலும் இணையச் சேவைக்காக மாட்டியிருந்த வெளிப்புற இணைப்புகள் அகப்பட்டன. சிலவற்றில் ரேடாரைக் கேட்டு ஒதுங்குகிற பகுதி அணைக்கப்பட்டிருந்தது. சில அந்த அலைவரிசைக்கு அனுமதி பெறாதவை. அபராதங்கள் விதித்தார்கள், ஆயிரக்கணக்கான டாலர்.

இதிலே கவனிக்கவேண்டியது, அந்த இணைப்புகள் பிரமாதமான சக்தி படைத்தவை அல்ல. ரேடார் மெல்லக் கேட்கிற காதுக்கு, பத்து மைலுக்கு அப்பால் ஒரு வாட்டும் கூச்சல்தான். யாரும் விமானத்தை வீழ்த்தவேண்டும் என்று கூரை ஏறவில்லை. தங்கள் சந்தாதாரருக்குச் சிக்னல் விட்டுப்போகாமல் வரவேண்டும் என்றுதான் ஏறினார்கள். வைஃபைப் பெட்டியை அமைக்கும்போது, "நீ எந்த நாட்டில் இருக்கிறாய்?" என்று அது ஒரு கேள்வி கேட்பதுண்டு. கெட்டிக்காரர்கள் சிலர், எந்த நாட்டின் பெயரைச் சொன்னால் வரம்பு தளர்கிறது, ரேடாருக்கு ஒதுங்கும் தொல்லை ஒழிகிறது என்று பார்த்து அந்த நாட்டின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். இந்தத் தொல்லை வளர்ந்தபின் அமெரிக்க வானொலித் துறை பெட்டி செய்கிறவர்களையே பிடித்துக்கொண்டு, நாட்டின் பெயரை மாற்றி ரேடார்க் காதை அடைக்கிற வசதியைத் தங்கள் ஊரில் விற்கும் பெட்டிகளில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

வாசகர்களில் யாருக்காவது இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் தோப்பு வீடோ, பண்ணையோ இருந்து, வீட்டு இணைப்பை அங்கே கொண்டுபோக ஆசையிருக்கலாம். தாராளமாகச் செய்யலாம். கடைக்காரர் முதலில் 'பவர்' அதிகமுள்ள பெட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார். அதை அப்படியே வைக்கச் சொல்லிவிட்டு, இதற்கென்றே தட்டோடு சேர்த்து விற்கிற வெளிப்புறச் சாதனமாக ஒரு ஜோடி கேளுங்கள். அன்றைக்கு நடப்பிலுள்ள விதியையும் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். இவை அவ்வப்போது மாறுகின்றன. ஒரு முனையில் நீங்களும் மறு முனையில் உங்கள் பையனும் நின்றுகொண்டு, தட்டை ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி என்று திருப்பித் திருப்பி, எண் ஏறுகிறதா பார்த்து முடுக்கவேண்டும். கற்றை ஒடுங்க ஒடுங்க இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். சில பாகை தப்பினாலே பெரிய தட்டு ஏமாற்றிவிடும். நடுவில் புளிய மரம் நின்றால், மரத்தோடு சண்டை போடாமல் ஏரியலை இடம் மாற்றுங்கள்.

பெட்டி நாட்டின் பெயரைக் கேட்கும்போது 'இந்தியா' என்றே சொல்லிவிட்டு மாடி ஏறுங்கள். தோப்பு மேற்கே இருந்தால் காலையிலேயே ஏறிவிடுவது உத்தமம். சாயங்காலம் வெயில் நேரே முகத்தில் அடிக்கும்.